உள்ளூர் மாடும் இத்தாலிப் பியானோவும்

(பாளையங்கோட்டையில் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். கைதட்டலையும் நடுவில் போன கரண்டையும் எழுத்தில் கொண்டுவர வழியில்லை.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும், இந்த அரங்கில் பாதிப்பேருக்குக் காதைத் திருகிக் கணக்குச் சொல்லிக்கொடுத்த, எங்கள் பெருமதிப்புக்குரிய தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, அரங்க வாடகையைத் தானே ஏற்றுக்கொண்டு, அதை மேடையில் சொல்லவே கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கும் வணிகர் சங்கத்துப் பெரியவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிவிட்டு இன்னும் இரண்டு கல்யாணங்களுக்குப் போகவேண்டியிருந்தும் எனக்காக உட்கார்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, தாய்மார்களே, அண்ணாச்சிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வரவேற்புரை சொன்ன தம்பி என்னை இசைக்கடல் என்றார். எனக்குத் தெரிந்த கடல் உவரியில் இருக்கிறது. நான் கேட்கிறவன், அவ்வளவுதான். வாசிக்கத் தெரியாது. தாளம் போட்டாலே பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவார். ஆனால் கேட்பதற்கு யாரிடமும் சான்றிதழ் வாங்கவேண்டியதில்லை என்பது என் கட்சி.

மூன்று விஷயங்கள் பேசலாம் என்று குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று, இத்தாலியில் இருக்கிற ஒரு பியானோக்காரரைப் பற்றி. இரண்டு, அவருடைய இசை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது. மூன்று, உலகம் முழுக்க இப்படிக் கலந்து வாசிக்கிறவர்கள் யார் யார் என்பது. தலைவர் ஐயா கையில் மணி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அந்த மணிக்காகக் காத்திருந்தோம், இப்போது பயப்படுகிறோம்.

அவர் பேர் லுடோவிகோ ஐனாவுடி. 1955-இல் டூரின் நகரத்தில் பிறந்தவர். தாத்தா லூயிஜி ஐனாவுடி யார் தெரியுமா? 1948 முதல் 1955 வரை இத்தாலியின் ஜனாதிபதி. அப்பா ஜூலியோ, அந்த நாட்டின் பெரிய பதிப்பாளர்களில் ஒருவர். நம்மூராக இருந்தால் அந்தப் பேரன் இந்நேரம் ஏதாவது ஒரு வாரியத்துக்குத் தலைவராகி, முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார் என்று போய்க்கொண்டிருப்பார். இவர் அம்மா மடியில் பியானோ கேட்டு வளர்ந்து, பியானோவோடேயே போய்விட்டார். அம்மாவின் அப்பாவும் பியானோ வாசித்தவர், இசைநாடகங்களுக்கு வாத்தியக்குழுவை நடத்தியவர். மிலான் நகரத்து வெர்டி இசைக்கல்லூரியில் 1982-இல் பட்டயம் வாங்கினார். அதன்பின் லூச்சானோ பேரியோ என்கிற பெரிய ஆசானிடம் போய்ச் சேர்ந்தார்.

இந்தப் பேரியோவை நீங்கள் கவனிக்க வேண்டும். புரியாத இசை எழுதுவதில் பேர்போனவர். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் சபைக்காரர்களுக்கே தலை சுற்றுகிற மாதிரி எழுதியவர். அந்த மனுஷன் 1964-இல் உட்கார்ந்து என்ன செய்தார்? பல நாட்டு நாட்டுப்பாடல்களை எடுத்து, பதினொரு பாட்டாக ஒரு தொகுப்புக் கட்டினார். அர்மீனியாப் பாட்டு, சிசிலிப் பாட்டு, அஜர்பைஜான் பாட்டு எல்லாம் அதில் இருக்கின்றன. ஆசானே அப்படி என்றால் சீடன் எந்தப் பக்கம் போவான்?

ஐனாவுடி 1996-இல் தனிப் பியானோ இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார். கடலலைகளைப் பற்றிய ஓர் ஆங்கில நாவலைப் படித்துவிட்டுச் செய்தது. அங்கிருந்துதான் அவர் பேர் வெளியே போனது. இடது கை ஒரு சின்னச் சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். வலது கை அதன்மேல் நாலு சுரத்தை வைத்துவிட்டுக் காத்திருக்கும். மேதாவிகள் முகம் சுளித்தார்கள். இதில் என்ன இருக்கிறது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் மாதிரி இருக்கிறதே என்றார்கள். ஜனம் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது. நம் பிள்ளைகள் செல்போனில் போடுகிற குறும்படங்களில் அழுகிற இடம் வந்தால் பின்னால் ஓடுகிற பியானோ பலசமயம் அவருடையதுதான், பேர் தெரியாமலே கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்தக் கட்டுமானத்தை இரண்டாவது விஷயத்தில் விரிவாகச் சொல்கிறேன்.

அவரை நான் மதிப்பது பியானோவுக்காக மட்டும் இல்லை. அவர் கிளம்பிப் போன ஊர்களுக்காக. மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி என்று ஒரு நாடு. அங்கே ஒரு பழைய பாட்டு உண்டு. ஒரு நீர்யானை, ஊருக்கே செல்லம். அதை ஒரு வேட்டைக்காரன் கொன்றுவிடுகிறான். ஊர் அழுகிறது. அந்த அழுகைதான் பாட்டு. ஐனாவுடி அதைக் கேட்டு, அதை வைத்து 2001-இல் ஓர் இசைத்தட்டே செய்தார். பிறகு பல்லாக்கே சிசோக்கோ என்கிற கோராக் கலைஞரோடு சேர்ந்து வாசித்தார். கோரா என்பது பெரிய சுரைக்குடுக்கையில் தோல் கட்டி, 21 நரம்பு இழுத்த யாழ். இத்தாலி ஜனாதிபதியின் பேரன் ஆப்பிரிக்கச் சுரைக்குடுக்கைக்குப் பக்கவாத்தியம் வாசித்தார் ஐயா!

அநியாயமாகச் செத்த உயிருக்காக ஊர் அழுது பாட்டுக் கட்டுவது நமக்குப் புதுசா? வில்லுப்பாட்டில் பாதி அதுதானே? முத்துப்பட்டன் கதை என்ன, இசக்கி கதை என்ன? கொன்றுவிட்டு, அப்புறம் பயந்து, அப்புறம் அழுது, அப்புறம் பீடம் போட்டுக் கும்பிட்டிருக்கிறோம். மாலியில் நீர்யானை, தாமிரபரணிக் கரையில் மனுஷன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இத்தாலியின் தென்கிழக்கு ஓரம், சலெந்தோ என்று வெயில் காயும் சீமை. ஏழைப்பட்ட விவசாய நாடு. அங்கே வயலில் வேலை செய்யும் பெண்களைத் தரந்துலா என்கிற சிலந்தி கடித்துவிட்டால் ஒரு மாதிரி ஆகிவிடுவார்கள் என்று நம்பினார்கள். மருந்து? மேளம்தான். தம்புரெல்லோ என்று சலங்கைத் தகடு வைத்த பறை, நம் கஞ்சிராவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அதோடு ஒரு வயலின். இரண்டும் சேர்ந்து வேகமாக அடிக்க அடிக்க, அந்தப் பெண் ஆடுவாள். மணிக்கணக்கில், சிலசமயம் நாட்கணக்கில். ஆடி ஆடி விஷம் இறங்கும். ஜூன் 29-ஆம் தேதி பேதுரு பவுல் திருநாளில் கலத்தீனா என்ற ஊர்க் கோயிலுக்கு வந்து கும்பிட்டு ஆடுவார்கள். 1959-இல் எர்னஸ்தோ தெ மார்தினோ என்ற ஆய்வாளர் ஒரு குழுவோடு நேரில் போய்ப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பெண்களுக்கு வயலின் வாசித்த ஒருவர் பேர் லூயிஜி ஸ்திபானி. தொழில் முடிதிருத்துவது. கத்தியை வைத்துவிட்டு வில்லை எடுத்து, வைத்தியத்துக்குப் போவார். நம் பக்கத்திலும் முடிதிருத்தும் குடும்பங்களில்தான் வைத்தியமும் இருந்தது, நாகஸ்வரமும் இருந்தது. சும்மா சொல்லி வைக்கிறேன்.

அந்த ஆட்டத்தைப் படித்த பிள்ளைகள் அவமானம் என்று நினைத்தார்கள். பட்டிக்காட்டு விஷயம் என்று மூடி வைத்தார்கள். நம்மூர்ப் பழமொழி ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும்: உள்ளூர் மாடு விலைபோகாது. இத்தாலியிலும் போகவில்லை. அப்புறம் 1998-இல் மெல்பின்யானோ என்ற ஊரில் ஒரு விழா ஆரம்பித்தார்கள். ஊர் ஜனத்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ராத்திரி. வருஷத்துக்கு ஒரு பெரிய இசைக்காரரைக் கூப்பிட்டு, உள்ளூர்க் கலைஞர்களோடு உட்காரவைத்து, அந்தப் பழைய பாட்டுகளைப் புதிதாகக் கட்டச் சொல்வார்கள். 2010-இலும் 2011-இலும் அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஐனாவுடி. பியானோவும் தம்புரெல்லோவும் ஒரே மேடையில். இப்போது அந்த ஒரு ராத்திரிக்கு லட்சத்துக்கும் மேல் ஜனம் கூடுகிறது. அதே ஊர், அதே பறை, அதே சிலந்திப் பாட்டு. உள்ளூர் மாடுதான். வெளியூர்க்காரன் வந்து கயிற்றைப் பிடித்ததும் விலை ஏறிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அம்மா வழிக் கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழா, ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. தலைவர் ஐயா மணியைக் கீழே வைக்க வேண்டும்.

நாங்குநேரிப் பக்கம். ஊர்ப் பேர் வேண்டாம், சொந்தக்காரர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். சுடலைமாடன் கோயில். ஆடியில் கொடை. அப்பன் பாட்டன் காலம் தொட்டுக் கணியான் கூத்துதான் அங்கே. அண்ணாவி பாட, மகுடம் என்கிற பறை இரண்டு, உச்சம் ஒன்று மந்தம் ஒன்று, ஆடுவதற்கு இரண்டு பேர். அந்த வருஷம் கொடைக் கமிட்டி இளவட்டங்கள் கைக்குப் போனது. வரி கூட்டினார்கள், தப்பில்லை. கூட்டின வரிக்குப் புதுசாக ஏதாவது செய்யணும் என்று கேரளத்திலிருந்து செண்டை மேளம், அதோடு டிஜே. பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். கோயில் சுவரைவிட உயரம். கணியானை அந்த வருஷம் வெற்றிலை வைத்து அழைக்கவில்லை. வில்லுப்பாட்டுக்கும் அழைப்புக் கிடையாது.

சாமக்கொடை. நடுநிசி தாண்டிவிட்டது. சாமியாடி எனக்குப் பெரியப்பா முறை. சல்லடமும் குல்லாயும் மாட்டி, கையில் வல்லயம் என்கிற ஈட்டியோடு பீடத்துக்கு முன்னால் நிற்கிறார். செண்டைக்காரர்கள் அடிக்கிறார்கள். குறை சொல்லக்கூடாது, அருமையான கை. திருச்சூர்ப் பூரத்தில் போய்க் கேட்கவேண்டிய மேளம் அது. அடித்து முடித்து வேர்வையைத் துடைக்கிறார்கள். பெரியப்பா நின்றது நின்றபடி நிற்கிறார். அடுத்தது டிஜே. நெஞ்சுக்கூடு அதிருகிறது, ஆச்சிமார்கள் காதில் முந்தானையைத் திணிக்கிறார்கள், கட்டிப்போட்ட கிடா கயிற்றை அறுக்கப் பார்க்கிறது. பெரியப்பா நிற்கிறார். இளவட்டம் எல்லாம் ஆடுகிறது. ஆடவேண்டிய ஆள் ஆடவில்லை.

டிஜே தம்பி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, சாமியாடியைப் பார்த்து மரியாதையாகக் கேட்கிறான்: "அண்ணாச்சி, அடுத்து எந்தப் பாட்டு போடட்டும்?"

பெரியப்பா முகத்தைப் பார்க்கவேண்டுமே! கூட்டத்தில் சலசலப்பு. சாமி வரவில்லை என்றால் சும்மாவா? ஆளாளுக்கு ஒரு காரணம். தீட்டு என்கிறான் ஒருவன். வரிக்கணக்கில் கோளாறு என்கிறான் இன்னொருவன். அவனை நாலு பேர் முறைக்கிறார்கள். அப்போது எங்கள் ஆச்சி எழுந்தாள். எண்பது வயசு. "ஏல, மெயின் ரோட்டு டீக்கடையில போய்ப் பாருங்கல. கணியான் நிக்காரு. வாரப்ப பாத்தேன்" என்றாள்.

உண்மைதான். வேறொரு ஊரில் மதியக்கொடை முடித்துவிட்டு, மகுடத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, விடியற்காலைப் பஸ்ஸுக்காக ஒரு பெரியவர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பைக்கில் போய்க் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. "எங்களுக்கு வெத்தல வைக்கலியே. வைக்காத கோயில்ல எப்படி அடிக்க?" என்றார். சரியான கேள்வி. கமிட்டிக்காரர்கள் தலையைச் சொறிகிறார்கள். கடைசியில் ஆச்சியே ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் 101 ரூபாயும் வைத்துக்கொண்டு, ரோட்டு வரைக்கும் நடந்தாள். அவர் எழுந்து, தட்டைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டு வந்தார்.

வந்தவர் உடனே அடிக்கவில்லை. ஒரு கை ஓலை கேட்டார். கோயில் ஓரமாகக் குத்தவைத்து, ஓலையைக் கொளுத்தி, மகுடத்தைத் தீயில் காட்டிக் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். தொய்ந்திருந்த தோல் இறுகி, சத்தம் மேலே ஏறிக்கொண்டே போனது. பெட்டிகள் எல்லாம் வாயை மூடியிருந்தன. நான் பக்கத்தில் நின்றேன். அந்த ஒற்றை மகுடம் முதல் அடி விழுந்ததும் பெரியப்பாவின் இடது கால் பெருவிரல் மண்ணைக் கிளறியது. இரண்டாவது சுற்றுக்குள் உடம்பு உதறி, வல்லயம் குலுங்கி, ஒரே பாய்ச்சல். கூட்டம் பிளந்துவிட்டது. குலவைச் சத்தம் காதை அடைக்கிறது. சாமி நேராகக் கமிட்டித் தலைவனிடம் போய் நின்றது. முதல் வாக்கு என்ன தெரியுமா?

"ஏலே, இம்புட்டு நேரம் என்னயக் கூப்பிட்டியளா, வெரட்டுனியளா?"

(இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசமுடியவில்லை. தலைவர் ஐயாவே சிரித்துவிட்டார். கரண்டு போனதும் இப்போதுதான்.)

சாமி வருவதும் வராததும் அவரவர் நம்பிக்கை. பகுத்தறிவு அண்ணாச்சிகளும் இங்கே இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பழகின தாளத்துக்கு உடம்பு எழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சலெந்தோவில் அந்தப் பெண்களுக்கு நடந்ததும் அதுதானே? கண்ட தாளத்துக்கு அவர்களும் எழுந்திருக்கவில்லை. வயலின்காரர் ஒவ்வொரு மெட்டாக வாசித்துப் பார்த்து, எது பிடிக்கிறதோ அதில் நிற்பாராம்.

கலப்பிசை என்று சொன்னாலே நம் பெரியவர்கள் சிலர் மூக்கைப் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் ஊர்ப் பேர் சொல்கிறேன். எட்டயபுரம். இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம், பழைய கணக்கில் நம் திருநெல்வேலிச் சீமை. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர், வெள்ளைக்காரன் பேண்டில் பார்த்த வயலினைக் கற்று, கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர். அவர் ஆஸ்தான வித்துவானாக இருந்தது எட்டயபுரம் சமஸ்தானத்தில். அண்ணன் முத்துசாமி தீட்சிதர் பேண்டு மெட்டுகளுக்கெல்லாம் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பிள்ளைகள் பாடுகிறார்கள். அதில் ஒன்று இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டு! 1835-இல் தீபாவளியன்று முத்துசாமி தீட்சிதர் உயிர் போனதும் அதே எட்டயபுரத்தில். அங்கேதான் அந்தக் குடும்பத்து சுப்பராம தீட்சிதர் 1904-இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்கிற பெரிய சங்கீத நூலை அச்சேற்றினார். ஆக, வெளிநாட்டு வாத்தியத்தை மடியில் வைத்து வளர்த்த சீமை நம்முடையது. 2025 மார்ச் 8-ஆம் தேதி இளையராஜா லண்டனில் சிம்பொனி அரங்கேற்றியபோது டிவியில் பார்த்துப் பெருமைப்பட்டோமே, அந்த வழி இருநூறு வருஷம் பழைய வழி.

வெளியிலிருந்து வந்ததை வளர்த்தோம். வீட்டில் இருந்ததை? காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரத்தை ஒரு சினிமாப் பாட்டில் கேட்ட பிறகுதானே ஊர் ஊராக வாயைப் பிளந்தோம்? சத்திரம் புதுக்குளத்து சுப்பு ஆறுமுகம் வில்லைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனார். 2021-இல் பத்மஸ்ரீ வந்தது. வில்லை ஊரிலேயே அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன வந்தது? உள்ளூர் மாடு விலைபோகாது. மறுபடியும் சொல்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள், இன்னும் ஒருதரம் சொல்வேன்.

இந்த ஐனாவுடி 2016-இல் ஆர்க்டிக் கடலில் மிதவை ஒன்றில் பெரிய பியானோவை ஏற்றி, பனிப்பாறை உடைந்து விழுவதைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். கிரீன்பீஸ் என்கிற சுற்றுச்சூழல் இயக்கத்தாரின் ஏற்பாடு. ஸ்வால்பார்ட் தீவுப் பக்கம். அதைச் சொன்னால் தாமிரபரணிக்குள் இறங்கவேண்டிவரும், சாக்கடைக் குழாய் எண்ணவேண்டிவரும், மாமன்ற உறுப்பினர் கல்யாணத்துக்குக் கிளம்பிவிடுவார். வேண்டாம்.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. பத்து நிமிஷமாம். சரி, நான் எதற்காக இந்த அழைப்பை ஒத்துக்கொண்டேனோ அதைச் சொல்லிவிடுகிறேன்.

மாவட்ட அரசு இசைப்பள்ளி நமக்கு இருக்கிறது. குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடங்கள், மூன்று வருஷப் படிப்பு. நல்ல காரியம். வாய்ப்பாட்டு இருக்கிறது, வெள்ளைக்காரன் வயலின் இருக்கிறது. வில் எங்கே? மகுடம் எங்கே? நையாண்டி மேளத்துப் பம்பை எங்கே? தஞ்சாவூருக்கு எது பாடமோ அதேதான் நமக்கும் பாடம் என்றால் இந்த மண்ணுக்கென்று ஒன்றும் இல்லையா? எட்டாவது பாடமாக வில்லும் மகுடமும் வைக்கவேண்டும். வாத்தியார் வேலைக்குப் பட்டம் கேட்கக்கூடாது. ஓலையில் காட்டித் தோலை இறுக்கத் தெரிந்தவர் போதும். அந்தப் பெரியவருக்கு அடுத்து அவர் வீட்டில் மகுடம் எடுக்க ஆள் இல்லை. பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆடியில் நாலு கொடை கிடைக்கும், மீதி மாசத்துக்கு எங்கே போவான்?

கொடைக் கமிட்டிக்காரர்களிடம் தனியாக இரண்டு வார்த்தை. டிஜே வையுங்கள், பிள்ளைகள் ஆடட்டும். மறுநாள் மஞ்சள் நீராட்டுக்கு வையுங்கள். சாமக்கொடைக்கு வைக்காதீர்கள். வரி எழுத உட்காருகிற அன்றைக்கே வில்லுக்கும் கணியானுக்கும் மேளத்துக்கும் பணத்தை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் லைட் போடுங்கள். அப்புறம் நோட்டீஸ். நன்கொடையாளர் பேர் இருக்கிறது, அவருடைய கைக்குழந்தை போட்டோகூட இருக்கிறது. மகுடம் அடிக்கிறவர் பேரைப் போட்டால் என்ன குறைந்துவிடும்? மெல்பின்யானோவில் பறை அடிக்கிறவர் பேரும் பியானோக்காரர் பேரும் ஒரே தாளில் வருகிறது.

முதல்வர் அம்மையாரிடமும் ஒரு விண்ணப்பம். கல்லூரியில் பியானோ ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். மேலே துணி போட்டு, அதற்கு மேலே பழைய வினாத்தாள் கட்டு இருக்கிறதாம். கட்டை இறக்கிவிட்டு, ஒரு சுருதிக்காரரைக் கூப்பிட்டுச் சரிபார்த்து வையுங்கள். ஆண்டு விழாவில் அந்தப் பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு வில்லுக்குழு உட்காரட்டும். குடமும் உடுக்கையும் ஒரு பக்கம், உங்கள் மாணவி ஒரு பக்கம். எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியாது. கேட்டுத்தான் பார்ப்போமே. நன்றாக வந்தால் சென்னைக்காரர்கள் தேடி வருவதற்கு முன்னால் நாமே கைதட்டிவிடலாம். உள்ளூர் மாடு ஒருதடவையாவது உள்ளூர்ச் சந்தையில் விலைபோகட்டும்.

இரண்டாவது விஷயமும் மூன்றாவது விஷயமும் நின்றுபோயின. ஐனாவுடியைக் கேட்க நினைக்கிற பிள்ளைகள் செல்போனிலேயே கேட்டுக்கொள்வீர்கள், நான் எதற்கு?

வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. ஆட்சியருக்கு ஒன்று, கலை பண்பாட்டுத் துறைக்கு ஒன்று. பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம், போன கூட்டத்தில் மூன்று பேனா காணாமல் போனது. கையெழுத்தோடு ஊர்ப் பேரையும் எழுதுங்கள், எந்தக் கோயில் கொடை என்பதையும் எழுதுங்கள். எல்லோருக்கும் வணிகர் சங்கத்துப் பெரியவர் அல்வா கொண்டுவந்திருக்கிறார். அதையும் சொல்லக்கூடாது என்றுதான் சொன்னார். முதலில் கையெழுத்து, அப்புறம் அல்வா. மாற்றிச் செய்தால் ஆட்சியர் மேசையில் தாள் தாளாக நெய் ஒட்டும்.

நன்றி, வணக்கம்.